செயற்கை இரவின் வரவு செலவு

வடக்குக் கலிபோர்னியாவின் ஹம்போல்ட், மெண்டசீனோ, டிரினிட்டி மாவட்டங்களில் கஞ்சா பெரும் பயிர். பெரியவர்களின் பயன்பாட்டுக்கு மாநில வாக்காளர்கள் 2016இல் ஒப்புதல் அளித்தார்கள். அங்கே ஜூன் மாதப் பகல் சுமார் 15 மணி நேரம் நீளும். திறந்தவெளிச் செடி ஆகஸ்ட் பிறக்கும்வரை இலையும் கிளையுமாகவே தழைத்து, செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோதான் அறுவடைக்கு வரும். அவ்வளவு நாள் காத்திருக்க விரும்பாதவர்கள் கோடையிலேயே பசுமைக்குடில்மேல் கறுப்புத் தார்ப்பாயை இழுத்துவிட்டு, தினமும் 12 மணி நேர இருட்டை உண்டாக்கி, செடியை முன்கூட்டியே பூக்கவைக்கிறார்கள்.

இதன் அறிவியல் பழையது. பகல் நீளம் பூப்பதைக் கட்டுப்படுத்துகிறது என்பதைப் புகையிலை, சோயா செடிகளைக் கொண்டு கார்னர், அல்லார்ட் என்ற விஞ்ஞானிகள் 1920இல் விளக்கினார்கள். செடி கணக்கில் கொள்வது இடையறாத இருட்டையே என்பது பிற்பாடு தெளிவானது.

முறையின் பெரிய பலன், முந்திக்கொள்வது. அக்டோபர் மழையும் அது கொண்டுவரும் சாம்பல் பூஞ்சணமும் தப்பும். எல்லோர் விளைச்சலும் ஒரே நேரத்தில் சந்தையில் குவிந்து விலை சரியுமுன் விற்கலாம். 2020 ஆகஸ்டில் மூண்ட காட்டுத்தீ இப்பகுதியில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஜூலையிலேயே அறுத்தவருக்குப் புகை படிந்த பூவைப் பற்றிய கவலை இல்லை.

ஆனால் பாய் மூடும் வேலைக்கு ஞாயிறும் விடுமுறையும் கிடையாது. ஏறத்தாழ இரண்டு மாதம் ஒருநாளும் தவறக்கூடாது. ஜூனில் சூரியன் மறைய இரவு எட்டரை மணிக்கு மேலாகும். ஏழு மணிக்கே மூடினால் வெயிலின் சூடும் செடி விடும் ஈரமும் உள்ளே அடைபடும். காற்றோட்டம் போதாவிட்டால், அக்டோபரில் வரவிருந்த பூஞ்சணம் ஜூனிலேயே வந்துவிடும். கிழிசல் வழியே வெளிச்சம் கசிந்தால் பூப்பது தடுமாறும். பெண் செடியில் ஆண் பூ தலைகாட்டி, விதை விழுந்து தரம் கெடவும் கூடும்.

உரிமம் பூக்கும் பரப்பை வைத்து அளக்கப்படுவதால், அதே நிலத்தில் இரண்டு மூன்று போகம் எடுக்கும் ஆசை எழுகிறது. ஆனால் சீக்கிரம் பூக்கவைத்த செடி சிறியது. போகத்துக்குப் போகம் நாற்று, கூலி, உரச் செலவும் ஏறும். எல்லோரும் இதே வழியில் இறங்கினால் கோடை விலையும் நிற்காது. வயதை வைத்தே பூக்கும் ரகங்களுக்குப் பாய் தேவையில்லை. ஆனால் அவற்றின் விளைச்சல் பொதுவாகக் குறைவு.

மழைக்கும் தீக்கும் எதிரான காப்பீடாக, நிலத்தின் ஒரு பகுதியில் ஒரு முன்போகம் எடுப்பவருக்கு இந்த முறை கட்டுப்படியாகும். போகங்களைப் பெருக்க இதை நம்புபவருக்கு லாபத்தைவிட வேலைதான் வேகமாகப் பெருகும்.