பணப்பொறியின் மூளைக்குக் காவல் எங்கே?

கடைத்தெருவில் நிற்கும் ஏ.டி.எம். பொறியை ஒரே இரும்புப் பெட்டி என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். உண்மையில் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. பணத்தாள்கள் இருப்பது கனமான எஃகுப் பெட்டகத்தில். இன்னொரு பகுதி மெல்லிய தகட்டாலான அறை. அதற்குள் ஒரு கணிப்பொறி இருக்கிறது. அலுவலக மேசைக் கணிப்பொறிக்கு அது நெருங்கிய உறவு. எத்தனை தாள்களை எண்ணி வெளியே தள்ளவேண்டும் என்று பெட்டகத்துக்குக் கட்டளையிடுவது அதுவே. பெட்டகத்துக்குப் பூட்டும் போட்டு, சாவியைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து, அவரைத் திண்ணையில் படுக்கவைத்தது போன்ற ஏற்பாடு இது.

கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் வேலை வாங்கும் அடிப்படை நிரல் தொகுதியை இயங்குதளம் என்கிறோம். 1967 ஜூன் 27 அன்று இலண்டனின் வடக்கே என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி நிறுவிய பணப்பொறிக்கு இந்தக் கவலை இல்லை. காகிதச் சீட்டை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்த தனிப்பொறி அது. 1990-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்/2 இயங்குதளம் பணப்பொறிகளில் பரவியிருந்தது. அடுத்த பத்தாண்டில் அந்த இடத்தை விண்டோஸ் பிடித்தது. மலிவு, பழக்கமான நிரலாளர்கள் கிடைப்பது, வண்ணத் திரையில் விளம்பரம் காட்டும் வசதி ஆகியவை இதற்குக் காரணங்கள்.

இங்கேதான் முதல் குறையைக் காண்கிறோம். பணப்பொறி செய்யவேண்டிய வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு ஆயிரம் வேலைகளுக்கான இயங்குதளத்தைப் பொருத்தினார்கள். தேவையற்ற ஒவ்வொரு வசதியும் திறந்துகிடக்கும் ஒரு சன்னல். 2003 ஆகஸ்டில் நாச்சி என்னும் நச்சுநிரல் இரண்டு நிதி நிறுவனங்களில் இருந்த டீபோல்டு பணப்பொறிகளுக்குள் புகுந்தது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஜூலை மாதமே வெளிவந்துவிட்டது. பொறிகளில் அதை ஏற்றாமல் விட்டதுதான் பிழை.

திருத்தம் வெளியிடுவதையே உற்பத்தியாளர் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-உடன் பொது ஆதரவு முடிந்தது. அன்று உலகின் பெரும்பாலான பணப்பொறிகள் அதைக்கொண்டே இயங்கின. நம் ரிசர்வ் வங்கி 2017-இல் எச்சரித்தது. வங்கிகள் அசையாததால், 2018 ஜூன் 21 அன்று காலக்கெடுவுடன் சுற்றறிக்கை விடுத்தது. ஆதரவு முடிந்த இயங்குதளங்களை 2019 ஜூனுக்குள் முழுமையாக மாற்றவேண்டும் என்பது கட்டளை. யு.எஸ்.பி. துளைகளை முடக்குதல், பயாஸ் கடவுச்சொல் இடுதல், அனுமதித்த நிரல்களை மட்டும் ஓடவிடுதல் ஆகியவற்றையும் அது கேட்டது. நல்ல கட்டளைதான். ஆயினும் எக்ஸ்.பி.யின் ஆதரவு முடிந்த நாளுக்கும் இக்கெடுவுக்கும் இடையே ஐந்தாண்டுகள் கழிந்தன என்பதை மறக்கலாகாது.

இனி, இயங்குதளத்தைப் புதுப்பித்துவிட்டால் போதுமா என்று பார்ப்போம். 2010 ஜூலையில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மாநாட்டில் பார்னபி ஜாக் என்ற ஆய்வாளர் மேடையில் இரண்டு பணப்பொறிகளைத் தாள் கக்கவைத்தார். ஒன்றைத் தொலைவிலிருந்தே வென்றார். மற்றதன் மேலறையை, விலைக்குக் கிடைக்கும் பொதுச் சாவியால் திறந்து, யு.எஸ்.பி. வழியே தம் நிரலை ஏற்றினார். 2014-இல் காஸ்பர்ஸ்கை நிறுவனம் வெளிப்படுத்திய டியூப்கின் நச்சுநிரலைத் திருடர்கள் குறுந்தகட்டிலிருந்து ஏற்றினார்கள். திருடனின் தகட்டிலிருந்து கணிப்பொறி விழித்தெழுமானால், உள்ளே உறங்கும் இயங்குதளம் பழையதா புதியதா என்பதற்குப் பொருளே இல்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பொறியின் கணிப்பொறியைக் கழற்றிவிட்டுத் தம்முடையதை இணைத்தார்கள். தாள் எண்ணும் கருவி, கட்டளையிடுவது யார் என்று கேளாமல் பணிந்தது.

ஆகவே, சீர்திருத்தம் மூன்று இடங்களில் வேண்டும். கணிப்பொறிக்கும் தாள் எண்ணும் கருவிக்கும் இடையே செல்லும் கட்டளைகள் மறைகுறியாக்கம் பெற்று, அனுப்புவோரின் அடையாளத்தை மெய்ப்பிக்கவேண்டும். கணிப்பொறியின் வட்டு மறைகுறியாக்கப்படவேண்டும். வெளித்தகட்டிலிருந்து அது விழிக்கக்கூடாது. மேலறைக்கும் ஒவ்வொரு பொறிக்கும் தனியான நல்ல பூட்டு வேண்டும். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. செலவைத் தள்ளிப்போடும் மனப்பான்மைதான் தடை.

பொறியை மட்டும் காத்தாலும் போதாது. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி ஏறத்தாழ 94 கோடி ரூபாயை இழந்தது. அதில் பெரும்பகுதி பல நாடுகளின் பணப்பொறிகளிலிருந்து போலி அட்டைகளால் எடுக்கப்பட்டது. அந்தப் பொறிகள் தவறேதும் செய்யவில்லை. "பணம் கொடு" என்று ஒப்புதல் தரவேண்டிய வங்கியின் மையக் கணிப்பொறி அமைப்பைத் திருடர்கள் ஏமாற்றிவிட்டார்கள்.

பொறியைக் கக்கவைத்துத் திருடினால் போவது வங்கியின் பணம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அதே மேலறை வழியாகத்தான் உங்கள் அட்டையின் விவரங்களும் செல்கின்றன. 2016-இல் நம் நாட்டில் பணப்பரிமாற்ற அமைப்பொன்றில் நச்சுநிரல் புகுந்ததால், ஏறத்தாழ 32 லட்சம் பற்று அட்டைகள் ஆபத்துக்குள்ளாயின.

விண்டோஸ் 10-இன் வழக்கமான பதிப்புகளுக்கும் 2025 அக்டோபர் 14-உடன் இலவச ஆதரவு முடிந்துவிட்டது. நீண்டகால ஆதரவுள்ள தனிப்பதிப்புகளுக்கும் ஒரு முடிவுநாள் உண்டு. பணப்பொறி பத்தாண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியது. அதை வாங்கும் நாளிலேயே அதன் இயங்குதளத்தின் முடிவுநாளையும், மாற்றத்துக்கான பணத்தையும் கணக்கில் எழுதிவைப்பது வங்கிகளின் கடமை. உங்கள் கிளை மேலாளரிடம் அந்த நாள் எது என்று கேட்டுப்பாருங்கள். வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினால், அடுத்த சுற்றறிக்கை வரும்வரை வங்கிகள் காத்திருக்கமாட்டா.