மணிக்கட்டுக் குகை அறுவை மருத்துவம்: பலன் சோதிக்கப்பட்ட முறை

மணிக்கட்டுக் குகை நோய் என்பது மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் குறுக்கே உள்ள தடித்த தசைநாருக்கும் இடையிலான குறுகிய வழியில் நடு நரம்பு அழுத்தப்படுவதால் உண்டாகும் நோய் ஆகும். மருத்துவமனைகளில் இது ‘கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்’ எனப்படுகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகும். இரவில் எரிச்சல் மிகும். அறுவையில் அத்தசைநார் வெட்டப்பட்டு நரம்பின் மீதுள்ள அழுத்தம் குறைக்கப்படுகிறது.

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் போன்ற ஊர்களில் தையல், தறி, ஓட்டுநர் வேலை எனக் கையை நம்பி வாழ்பவருக்கு அறுவை என்பது சில வாரக் கூலி இழப்பும் ஆகும். எனவே அதன் பலன் எவ்வாறு நிறுவப்பட்டது என்பது முக்கியமான கேள்வி.

நெதர்லாந்து ஆய்வு

2002இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இதில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. 176 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு அறுவை செய்யப்பட்டது. மற்றவர்கள் ஆறு வாரம் இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிந்தனர். முதல் மாத முடிவில் பட்டை அணிந்தோரில் 42 விழுக்காட்டினரும், அறுவை செய்துகொண்டோரில் 29 விழுக்காட்டினருமே நலமடைந்ததாகக் கூறினர். மூன்றாம் மாதத்தில் நிலை மாறியது: அறுவைப் பிரிவில் 80, பட்டைப் பிரிவில் 54. பதினெட்டாம் மாதத்தில் இவை 90, 75 ஆயின.

திறனாய்வு

‘அறுவையால் 90 விழுக்காட்டினர் குணமடைகின்றனர்’ என்று இதைச் சுருக்குவது தவறு. ஒப்பீட்டில் கிடைத்த வேறுபாடு 15 விழுக்காட்டுப் புள்ளிகளே. அதே சமயம், பட்டைப் பிரிவினரில் 41 விழுக்காட்டினர் அதற்குள் அறுவையும் செய்துகொண்டிருந்தனர். ஆகவே 75 என்பது பட்டையின் பலனை மட்டும் காட்டும் எண் அன்று.

இரண்டாவது குறை, தாம் எந்தச் சிகிச்சை பெற்றோம் என்பது நோயாளிகளுக்குத் தெரியும். நலமானதாகச் சொன்னவர்களும் அவர்களே. எதிர்பார்ப்பே விடையைச் சாய்க்கக்கூடும். இதைத் தவிர்க்கவே போலி அறுவை ஒப்பீடு பயன்படுகிறது. 2013இல் வெளியான பின்லாந்து ஆய்வில், முழங்கால் குருத்தெலும்புக் கிழிவுள்ள 146 பேரில் ஒரு பிரிவினருக்கு உண்மை அறுவையும் மற்றவருக்குப் போலி அறுவையும் செய்யப்பட்டன. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினரிடமும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

முழங்காலின் முடிவை மணிக்கட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. நரம்பு அழுத்தம் வேறு வகைச் சிக்கல். ஆயினும் அதே கண்டிப்பான சோதனை இங்கும் தேவை. 14 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும் அறுவையின் பலன் தெளிவாக இல்லை என்றே முடிவு செய்தது. பிற சிகிச்சைகளில் நிறைவடையாதவர்களிடம், சிகிச்சை எதுவென அவர்கள் அறியாத வகையில் சோதிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

நோயாளிக்கான பொருள்

பலன் உறுதியாக நிறுவப்படவில்லை என்பது பலனே இல்லை என்று ஆகாது. தொடக்க நிலையில் உள்ளவர் முதலில் பட்டையை முயன்று பார்க்கலாம். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்து பிடிப்பு தளர்ந்தவருக்கோ காலந்தாழ்த்துவதே ஆபத்து. நரம்பின் சேதம் நிலைத்துவிடக்கூடும். அவர் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.