தின்பண்ட மணமும் மேனி மணமும்: 'சொக்கோ மஸ்க்' பற்றிய ஒரு மதிப்பீடு

கண்ணுக்கும் செவிக்கும் உரிய கலைகளை மதிப்பிடுதற்குத் தமிழிலே விரிந்த சொல்வளம் உண்டு. மூக்குக்கு உரியவற்றைப் பற்றிப் பேச முனையும்போதோ 'நல்ல மணம்', 'கடும் மணம்' என்னும் இரு தொடர்களோடு பெரும்பாலும் அமைந்து விடுகின்றோம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கரையோரமாக நீளும் ஊர்களில் ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் அத்தர் பூசுதல் ஊறிப்போன வழக்கம். எனவே, அத்தரையும் அளவுகோல் கொண்டு நோக்குதல் பொருத்தமானதே.

மரபுவழி அத்தர்கள் பூவிலும் மரத்திலும் பிறந்தவை. வட இந்தியாவின் கன்னோசியிலே ரோசாப்பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயிலே இறக்கி அத்தர் வடிப்பர். நம் பழைய இலக்கியங்கள் பேசும் மேனி மணங்களும் பூவும் சாந்தும் அகிற்புகையுமே. இன்று 'ஊத்' எனப்படுவது அந்த அகிலேயாகும். சமையலறை மணம் இவ்வரிசையிலே இடம்பெறுவதில்லை. உண்டபின் கைகழுவி அம்மணத்தைப் போக்குவதே நாகரிகம் எனக் கொண்டோம். தின்பண்டத்தின் மணத்தை அணியாகப் பூசும் இன்றைய இனிப்புத் தைலம் இந்த எல்லையையே கடக்கின்றது. உணவின் மணம் எப்போது ஓர் ஆளின் மணமாக மாறுகின்றது என்பதே இதன் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் வினாவாகும்.

மேனாட்டு வாசனைக் கலையும் இவ்வினாவை எதிர்கொண்டது. 1874இல் வனிலின் செயற்கையாக ஆக்கப்பட்டது. 1925இல் வெளிவந்த கெர்லேன் நிறுவனத்தின் 'ஷாலிமார்' வனிலா மணத்தைப் பிசின் மணங்களோடு இணைத்தது. 1992இல் தியெரி மியூக்ளரின் 'ஏஞ்சல்', பஞ்சுமிட்டாய் மணமுடைய எதில் மோல்டோலைப் பச்சோலியின் மண்ணார்ந்த கசப்போடு மோதவிட்டது. 'பச்சோலி' என்னும் பெயரின் வேரைத் தமிழிலே காண்பர் அகராதியாளர். இனிமை தனித்து நில்லாது, அதனைத் தாங்குதற்கு ஓர் எதிர்ச்சுவை வேண்டும் என்பதே இவற்றால் அறியக்கிடக்கும் பாடம். நம் வட்டிலப்பத்திலும் கருப்பட்டியின் இனிமையை ஏலமும் சாதிக்காயுமே தாங்கி நிற்கின்றன.

இவ்வகைத் தைலங்களுள் பரவலாக அறியப்பட்டது சவூதி அரேபிய நிறுவனமான அல் ரெஹாபின் 'சொக்கோ மஸ்க்'. 6 மில்லிலீற்றர் கொண்ட உருட்டுக் குப்பியில் வருவது, மதுசாரம் கலவாதது. மணிக்கட்டிலே ஒரு கோடு இழுத்ததும் எழுவது பாலோடு கலந்த கொக்கோத் தூளின் மணம். அடுத்து வனிலா திரண்டு வருகின்றது. நாவூறும் அளவுக்கு இது தின்பண்டமே. இக்கட்டத்தோடு முகர்தலை நிறுத்துவோர் இதனை மிட்டாய்க்கடை எனத் தள்ளுதல் இயல்பு. அரைமணி நேரம் கழிந்தபின் சொக்லட் பின்வாங்க, கறுவாவின் மெல்லிய உறைப்பும் சந்தனச் சாயலும் தலைகாட்டுகின்றன. மூன்றாம் மணி அளவிலே எஞ்சுவது தூள்போன்ற மென்மையுடைய கஸ்தூரிச் சாயலும் தோலின் வெதுவெதுப்பும் மட்டுமே. அப்போது அது பண்டத்தின் மணம் அன்று, அணிந்தவரின் மணம்.

இம்மாற்றத்துக்குக் காரணம் உண்டு. மதுசாரம் விரைந்து ஆவியாகி மணத்தைத் தூர எறியும். எண்ணெய் அதனை மேனியோடு பிணித்து மெல்ல விடுவிக்கும். வனிலின் போன்ற பொருட்கள் மெதுவாகவே ஆவியாவன; ஆதலால் இலேசான மணங்கள் அகன்ற பின்னரும் இனிமை தங்கும். இங்குதான் நம் கரையோரத்து வெயில் குறுக்கிடுகின்றது. குளிர்நாட்டிலே ஒடுங்கிக் கிடக்கும் இனிமை, ஆடி மாதத்துப் புழுக்கத்திலே வியர்வையோடு பொங்கித் திகட்டுகின்றது. மாரிக் காலத்து மாலையிலோ அதே கோடு இதமாக அமைகின்றது. எனவே காலமும் அளவும் இம்மணத்தின் பகுதிகளே எனலாம்.

இவ்வகை மணம் சிறுபிள்ளைத்தனமானது, வளைகுடாவிலிருந்து வந்த இரவல் நாகரிகம் என்போர் உளர். இரவல் என்ற காரணத்தால் ஒன்றைத் தள்ளுதல் திறனாய்வு ஆகாது. ரோசா அத்தரும் நமக்கு ஒருகாலத்தில் வெளியிலிருந்து வந்ததே. வேறொரு குறையே கவனத்துக்குரியது. எந்த மணத்துக்கும் அணிந்தவரின் மூக்கு சிறிது நேரத்திலே பழகிவிடும்; அருகில் இருப்பவரின் மூக்குக்கோ அது புதிதாகவே வந்து சேரும். தோளோடு தோள் சேரும் தொழுகை வரிசையிலும், மின்விசிறி ஓயாத விரிவுரை மண்டபத்திலும், மணம் போய்விட்டதென்று மீண்டும் பூசுபவர் பிறருக்குத் திகட்டலையே அளிக்கின்றார். பூமணத்தின் மிகை தலைவலியைத் தரலாம். இனிப்பின் மிகையோ உண்டு தெவிட்டிய உணர்வையே தரும். நோன்பு நாளின் பகற்பொழுதில் தின்பண்டம் மணக்க அருகிருப்பது பிறர் பொறுமையைச் சோதிப்பதுமாகும்.

ஆகவே, 'சொக்கோ மஸ்க்' தன் தொடக்கத்தால் அன்றித் தன் முடிவால் மதிக்கப்பட வேண்டிய தைலம். அதன் முதல் அரைமணி எளிய கவர்ச்சி. பின்னைய மணித்தியாலங்களே அதன் உண்மையான ஆக்கம். ஊத்தின் ஆழமோ ரோசாவின் பொலிவோ இதற்கு இல்லை. ஆயினும் குறைந்த விலையிலே, மாணவர் கைக்கு எட்டும் ஒரு குப்பியிலே, பண்டத்தை மேனியாக மாற்றும் வித்தை நிகழ்கின்றது. ஒரு கோடு போதும். இரண்டாவது கோடு அதனை மீண்டும் கடைத்தெருவுக்கே கொண்டு சென்றுவிடும்.