திரையில் சரி, பலகையில்?

ஜெகதாப்பட்டினத்து விசைப்படகில் ஜி.பி.எஸ். இல்லாமல் தொழில் இல்லை. 1974இல் பாக் நீரிணையில் வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்டினோமா என்று சொல்வது அந்தக் கருவிதான். அது பிடிப்பது 1575.42 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலை. அந்தக் கருவிக்குள் இருக்கும் ஃபில்டரை வடிவமைக்கும் அளவுக்கு நம் பொறியியல் கல்லூரிகள் பிள்ளைகளைத் தயார்செய்கின்றனவா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்ட ஆய்வகத்தில் கிளைஸ்ட்ரான் அல்லது கன் டயோடு, டைரக்‌ஷனல் கப்ளர், ஹார்ன் ஆன்டெனா எல்லாம் இருந்தன. வழக்கமான எக்ஸ்-பேண்ட் பெஞ்ச் கப்பல் ரேடார் இயங்கும் அலைவரிசையைச் சேர்ந்தது. அலையைத் தொட்டு அளக்கும் பழக்கம் அதில் வருகிறது. ஆனால் மாணவர் அங்கே எதையும் வடிவமைப்பதில்லை. ரீடிங் எடுத்து ரெக்கார்டு நோட்டை நிரப்பினால் முடிந்தது.

கணினி வந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். ஏ.டி.எஸ்., எச்.எஃப்.எஸ்.எஸ். போன்ற வடிவமைப்பு மென்பொருள் வாங்க வசதியில்லாத கல்லூரிக்கு இலவச 'க்யூக்ஸ்' இருக்கிறது. கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்போதே ஸ்மித் வரைபடத்தில் புள்ளி நகர்வதைப் பார்க்கிறவருக்கு, கரும்பலகையில் பல வகுப்புகளில் பிடிபடாதது பிடிபட்டுவிடும். இந்த லாபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சிக்கல், அளவுகளை மென்பொருளே தேடித்தரும் ஆப்டிமைசரில் தொடங்குகிறது. பொத்தானை அழுத்தினால் வளைவு அழகாக வந்துவிடும். ஏன் வந்தது என்று வைவாவில் கேட்டால் பதில் வராது. அதைவிடப் பெரியது, திரையோடு வேலை முடிந்துவிடுவது. மலிவான எஃப்.ஆர்.4 போர்டின் மின்கடவா மாறிலியை மென்பொருளில் 4.4 என்று போடுகிறோம். கையில் கிடைக்கும் பலகை 4.2 ஆக இருந்தால், 1575இல் நிற்க வேண்டிய மைக்ரோஸ்ட்ரிப் ஃபில்டர் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிப்போகும். குறுகிய ஃபில்டர் என்றால் ஜி.பி.எஸ். அலை அதன் வெளியே நிற்கும். போர்டின் இழப்பு, கனெக்டர் சால்டரிங், எட்சிங்கில் அரித்த ஓரம் எல்லாம் சேர்ந்தால் திரையில் கண்ட வளைவை அடையாளம் தெரியாது. என் கணிப்பில் பாடமே அங்கேதான் ஆரம்பிக்கிறது; பல வகுப்புகள் அதற்கு முன்பே மணியடித்துவிடுகின்றன.

பலகையைச் செய்து அளக்காததற்குக் கருவி விலை என்ற சாக்கு முன்பு நியாயமாக இருந்தது. நெட்வொர்க் அனலைசர் லட்சங்களில் விற்றது, இன்றும் நல்லது அப்படித்தான். ஆனால் சில ஆயிரம் ரூபாய் நானோவிஎன்ஏ வகையில் 3 கிகாஹெர்ட்ஸ் வரை அளப்பவையும் உண்டு. துல்லியம் குறைவு, அளவீட்டுத் திருத்தத்தை மாணவரே செய்தாக வேண்டும். அதுவும் பாடம்தானே! இருந்தும் ஒரு பருவத்துக்குள் பட்டியலிட்ட சோதனைகளை முடித்தே தீர வேண்டும் என்ற அட்டவணை, ஒரே பலகையை மூன்று முறை திருத்திச் செய்ய விடாது. சோதனைகளைப் பாதியாக்கி, திரைக்கும் பலகைக்கும் இடையே ஏன் வித்தியாசம் என்று விளக்குவதற்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். அதற்குப் பல்கலைக்கழகம் கருவி வாங்கத் தேவையில்லை, மதிப்பெண் பட்டியலை மாற்றினால் போதும்.