ஈர்ப்பு விதியும் பிறவி வகையும்: மேனிஃபெஸ்டேஷன் பயிற்சிக்கும் மறைஞான ஆளுமைப் பகுப்புக்கும் உள்ள உறவு

ஆய்வுச் சுருக்கம்

எண்ணத்தின் வலிமையால் விரும்பியதை அடையலாம் என்பது மேனிஃபெஸ்டேஷன் பயிற்சியின் அடிப்படை. ஒவ்வொருவரும் பிறக்கும்போதே ஒரு வகையினராக அமைந்துவிடுகின்றனர் என்பது மறைஞான ஆளுமைப் பகுப்பின் அடிப்படை. கருத்தளவில் முரண்பட்ட இவ்விரண்டும் இன்று இணைத்தே கற்பிக்கப்படுகின்றன. அவ்விணைப்பின் வரலாற்றையும் பணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஈர்ப்பு விதியின் வாக்குறுதி பொய்க்கும் இடத்தில் விளக்கம் தந்து அதனைக் காப்பதே ஆளுமைப் பகுப்பின் முதன்மைப் பணி என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மேனிஃபெஸ்டேஷன், ஈர்ப்பு விதி, ஹியூமன் டிசைன், ஆலன் லியோ, ஜேம்ஸ் ஆலன், வ.உ.சி., அடோர்னோ

முன்னுரை

ரோண்டா பைர்னின் ‘தி சீக்ரெட்’ (2006) ஈர்ப்பு விதியை மூன்று படிகளாகச் சுருக்கித் தந்தது: கேட்டல், நம்பல், பெறல். இவ்விதி எல்லோர்க்கும் பொது. கேட்பவர் யார், எங்கு, எப்போது பிறந்தார் என்னும் வினாக்களுக்கு அதில் இடமில்லை. ஆளுமைப் பகுப்பு முறைகளோ அவ்வினாக்களிலிருந்தே தொடங்குகின்றன. முன்னது எல்லையற்ற விழைவைப் பேசுகிறது. பின்னது பிறப்பிலேயே இடப்பட்ட எல்லையைப் பேசுகிறது. இருந்தும், ‘உங்கள் வகைக்கு ஏற்ற மேனிஃபெஸ்டேஷன்’ என்னும் பெயரில் இரண்டும் ஒரே வகுப்பில் கற்பிக்கப்படுகின்றன. இம்முரண் பயில்வோரை ஏன் உறுத்தவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

1. குணம் என்னும் சந்திப்பு

இவ்விரு மரபுகளும் அண்மையில் தற்செயலாகச் சந்தித்தவை அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆலன் 1903ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஆஸ் எ மேன் திங்கெத்’ என்னும் சிறுநூல், எண்ணம் குணத்தை ஆக்குகிறது, குணம் சூழலை ஆக்குகிறது என்று வாதிட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கரான வில்லியம் வாக்கர் அட்கின்சன் ‘ஈர்ப்பு விதி’ என்னும் தொடரைத் தம் நூலின் தலைப்பிலேயே இட்டார். இவ்வெழுத்துகள் ‘புதுச் சிந்தனை’ இயக்கத்தைச் சார்ந்தவையாகக் கருதப்படுகின்றன.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஆலன் லியோ (1860–1917) சோதிடத்தை வேறொரு திசைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் பிரம்மஞான சபையின் உறுப்பினர். 1875இல் நியூயார்க்கில் தோன்றி, 1882 முதல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சபையின் கர்மக் கொள்கை அவரது சோதிடத்துக்கு அடித்தளமாயிற்று. நிகழ்ச்சிகளை முன்னறிந்து கூறுவதைக் காட்டிலும் குணத்தை விளக்குவதே சோதிடத்தின் கடமை என அவர் கருதினார். ‘குணமே விதி’ என்பது அவர் கொள்கை. குறி சொல்லுதல் அன்றைய ஆங்கிலச் சட்டப்படி குற்றம். 1914இலும் 1917இலும் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தாம் உரைப்பவை மனப்போக்குகளே, நிகழ்ச்சிகள் அல்ல என்பது அவரது எதிர்வாதம். முதல் வழக்கில் தப்பிய அவர், இரண்டாவதில் தண்டத்தொகை செலுத்த நேர்ந்தது.

இவ்வாதம் சட்டத்திற்கு அப்பாலும் பொருளுடையது. ‘வரும் ஆண்டில் செல்வம் சேரும்’ என்னும் கூற்றை ஆண்டிறுதி சோதித்துவிடும். ‘இவர் பொருளில் நாட்டமுடையவர்’ என்னும் கூற்றையோ எந்த நிகழ்ச்சியும் எளிதில் பொய்ப்பிக்க இயலாது. சோதிடம் நிகழ்ச்சியிலிருந்து குணத்துக்கு இடம்பெயர்ந்தபோது சோதனையிலிருந்தும் விலகிக்கொண்டது.

ஆலனின் வரிசை எண்ணம், குணம், வாழ்வு என அமைகிறது. லியோவின் வரிசை கோள், குணம், வாழ்வு என அமைகிறது. தொடக்கம் வேறாயினும் நடு உறுப்பு ஒன்றே. குணத்தை ஒருவர் ஆக்கிக்கொள்வதாகவும் மற்றவர் கொண்டுவருவதாகவும் கொள்கின்றனர். குணத்துக்கும் வாழ்வுக்கும் இடையே கூலி, நோய், அரசு, போர் ஆகியன குறுக்கிடுவதற்கு இரு வரிசைகளிலும் இடம் குறைவு. பின்னாளைய இணைப்புக்கான வாயில் இதுவே.

2. ஹியூமன் டிசைன்: காத்திருப்போரும் தொடங்குவோரும்

இவ்விணைப்பை மிகத் தெளிவாகக் காட்டுவது ஹியூமன் டிசைன். கனடாவில் பிறந்து ‘ரா உரு ஹு’ எனப் பெயர் மாற்றிக்கொண்டவர், 1987 சனவரியில் இபிசா தீவில் ஒரு குரல் தமக்கு எட்டு நாட்கள் இதனைக் கற்பித்ததாகக் கூறினார். சோதிடம், சீனத்து ஐ சிங்கின் 64 குறிகள், யூத மறைஞானமான கபாலா, சக்கரக் கொள்கை ஆகியவற்றின் கூட்டாக்கம் இது. பிறந்த நேரத்தையும், அதற்கு ஏறத்தாழ 88 நாட்கள் முந்தைய ஒரு நேரத்தையும் கொண்டு ஒன்பது மையங்களுடைய வரைபடம் கணிக்கப்படுகிறது.

அவ்வரைபடம் மனிதரை நான்கு வகையினராகப் பிரிக்கிறது. ‘மேனிஃபெஸ்டர்’ தாமே செயலைத் தொடங்கலாம். தொடங்குமுன் பிறருக்கு அறிவித்தல் வேண்டும். ‘ஜெனரேட்டர்’ தம்முன் வருவதற்கு எதிர்வினையாற்றக் காத்திருக்க வேண்டும். ‘புரொஜெக்டர்’ அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். ‘ரிஃப்ளெக்டர்’ பெரிய முடிவுகளுக்கு ஒரு நிலாச் சுற்று முழுவதும் காத்திருக்க வேண்டும். அம்முறை தரும் கணக்கின்படியே மேனிஃபெஸ்டர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. அதாவது மனிதருள் மிகப் பெரும்பாலோர் தாமாகத் தொடங்கலாகாதவர்கள். மேலும், முடிவெடுக்கும் அதிகாரம் மனத்துக்கு இல்லை என்பதும் இம்முறையின் கோட்பாடு. மனத்தின் விழைவையே முதலாகக் கொண்ட ஈர்ப்பு விதியை இவ்விரு கொள்கைகளும் அடியோடு மறுக்கின்றன.

எனினும் பயிற்சித் தளத்தில் மறுப்பு துணையாக மாறிவிடுகிறது. வரைபடத்திலுள்ள அம்புக்குறியொன்றின் திசையைக் கொண்டு, விரும்பும் பொருளை நுணுக்கமாக வரையறுத்துக் கேட்க வேண்டியவர் என்றும், உணர்வை மட்டும் நினைந்து பொருளைத் திறந்துவிட வேண்டியவர் என்றும் பயில்வோர் பிரிக்கப்படுகின்றனர். ‘பெறலாம்’ என்னும் வாக்குறுதி அப்படியே நிற்க, ‘கேட்கும் முறை’ மட்டும் வகைதோறும் மாறுகிறது.

3. தோல்விக்கு ஒரு விளக்கம்

இம்மாற்றத்தின் பயனைத் தோல்வியின் பக்கமிருந்தே அறிய முடியும். ஈர்ப்பு விதியின் தூய வடிவில், கேட்டது கிட்டாவிடின் காரணம் ஒன்றே: நம்பிக்கைக் குறைவு. இது கொடிய விளக்கம். வேலை இழந்தவரும் நோயுற்றவரும் தம் நிலைக்குத் தாமே பொறுப்பாளிகள் ஆகின்றனர். ஆளுமைப் பகுப்பு இக்கொடுமையைத் தணிக்கிறது. ‘உன் நம்பிக்கையில் குறையில்லை; உன் வகைக்கு ஒவ்வாத முறையைக் கையாண்டாய்’ என்கிறது. ஓயாத போட்டியில் களைத்த ஒருவருக்குக் ‘காத்திருப்பதே உன் இயல்பு’ என்னும் சொல் தரும் ஆறுதல் உண்மையானது; அதனை எள்ளுதல் திறனாய்வாகாது.

ஆயின் அவ்வாறுதலின் விலையையும் எண்ண வேண்டும். குற்றம் நம்பிக்கைக் குறைவிலிருந்து தன்னறிவுக் குறைவுக்கு மாறியதேயன்றிப் பயில்பவரை விட்டு நீங்கவில்லை. புதிய குறைக்குப் புதிய வகுப்பே மருந்தாகிறது. காத்திருந்தும் அழைப்பு வாராத புரொஜெக்டருக்கு, சரியாகக் காத்திருக்கவில்லை என்னும் விடை எப்போதும் ஆயத்தமாக உள்ளது. வெற்றி விதியை மெய்ப்பிக்கிறது. தோல்வி வகையை மெய்ப்பிக்கிறது. இவ்வமைப்பில் பொய்யாவதற்கு எதுவும் எஞ்சவில்லை.

வகைவிளக்கம் தமக்குப் பொருந்துகிறது என்னும் உணர்வும் சான்றாகாது. 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரே விளக்கத்தைத் தனித்தனியாக எழுதியது போலத் தந்து மதிப்பிடச் செய்தார். அதன் தொடர்கள் பெரும்பாலும் சோதிட நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. மாணவர் அளித்த சராசரி மதிப்பு ஐந்துக்கு 4.26.

லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழின் 1952–53ஆம் ஆண்டுச் சோதிடப் பத்தியை ஆராய்ந்த தியோடர் அடோர்னோ, முரண்பட்ட அறிவுரைகளை அப்பத்தி நாளின் வெவ்வேறு பொழுதுகளுக்குப் பகிர்ந்தளிப்பதைக் கண்டார். காலையில் உழைப்பு, மாலையில் இன்பம் எனப் பிரித்ததும் முரண் மறைந்தது போலாயிற்று. அங்குப் பொழுது செய்த வேலையை இங்கு வகை செய்கிறது. முயல்க என்பதும் காத்திருக்க என்பதும் வெவ்வேறு மனிதருக்கு உரியனவாகிவிடுவதால், இரண்டும் ஒருங்கே மெய்யாகத் தோன்றுகின்றன.

4. தமிழ்ச் சூழலில் ஓர் ஒப்பீடு

ஜேம்ஸ் ஆலனைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ ஆகியன அம்மொழிபெயர்ப்புகள். 1908இல் சிறைப்பட்ட அவரது துன்பத்துக்குக் காரணம் அவர் எண்ணத்தின் குறை அன்று, அயலார் ஆட்சி என்பது வெளிப்படை. அகமே புறத்தை ஆக்குகிறது என்னும் கூற்றை அவர் வாழ்க்கையே எல்லைப்படுத்துகிறது. ‘மெய்யறம்’ இயற்றியவரும் திருக்குறளுக்கு உரை வரைந்தவருமான அவரிடம் ஆலனின் எழுத்து ஒழுக்க நூலாகவே இடம்பெற்றது. எண்ணத்தை அடக்கி நடத்தையைச் செப்பஞ்செய்தல் அங்கு நோக்கம். எண்ணத்தை ஏவிப் பொருளை வருவித்தல் அன்று.

திருக்குறளும் இம்முரணை அறியும். 38ஆம் அதிகாரம் ஊழின் வலியைக் கூறுகிறது. 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமையை வற்புறுத்துகிறது. வள்ளுவர் இரண்டையும் எல்லா மனிதர்முன்னும் வைக்கிறார். முயலத்தக்கவர் இன்னார், காத்திருக்கத்தக்கவர் இன்னார் எனப் பிறப்பைக் கொண்டு அவர் பகுக்கவில்லை. ஹியூமன் டிசைன் குடிப்பிறப்பைப் பேசாததால் சாதிமுறையோடு அதனை ஒன்றாக்குதல் தவறு. ஆயினும் பிறந்த பொழுதைக் கொண்டு தொடங்கும் உரிமையைச் சிலருக்கும் காத்திருக்கும் கடமையைப் பலருக்கும் வகுப்பது, பிறப்புப் பாகுபாட்டின் வரலாற்றை அறிந்த சமூகம் எச்சரிக்கையுடன் நோக்க வேண்டிய ஒன்று.

முடிவுரை

மேனிஃபெஸ்டேஷனும் ஆளுமைப் பகுப்பும் ஒன்றையொன்று மறுத்தும் ஒன்றையொன்று தாங்கியும் நிற்கின்றன. முன்னது நம்பிக்கையைத் தருகிறது. அந்நம்பிக்கை முறியும்போது பின்னது விளக்கத்தைத் தருகிறது. குணம் என்னும் பொது உறுப்பு இவ்விரண்டையும் இணைப்பதோடு, புறவுலகின் காரணங்களைப் பார்வையிலிருந்து அகற்றியும் விடுகிறது. வேலை கிட்டாத ஒருவர் தம் நம்பிக்கையையும் பிறந்த நேரத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்கும்வரை, வேலை ஏன் இல்லை என்னும் வினா எழாமலே போகிறது. இப்பயிற்சிகளை மூடநம்பிக்கை என ஒதுக்குவதைவிட, அவ்வினாவை மீட்டெடுப்பதே ஆய்வுலகின் பணியாக அமைதல் வேண்டும்.