பத்து யூனிட் கரண்டில் ஒரு படகுப் பந்தயம்

மொனாக்கோ எனர்ஜி போட் சேலஞ்சில் எனர்ஜி பிரிவின் விதி கறாரானது. இரட்டை ஹல்லை மொனாக்கோ யாட் கிளப்பே எல்லா அணிக்கும் ஒரே அச்சில் கொடுத்துவிடும். காக்பிட், மோட்டார், பேட்டரி, புரொப்பெல்லர் எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. ஏற்றிக்கொள்ளும் ஆற்றலுக்கு உச்சவரம்பு 10 கிலோவாட் மணி, நம் வீட்டு மீட்டர் கணக்கில் 10 யூனிட். 2022-ல் இந்தப் பந்தயத்துக்கு 'யாளி' என்ற படகோடு முதல்முறை போனது கோவை குமரகுரு கல்லூரியின் 'சீ சக்தி' அணி. கடலே இல்லாத ஊரிலிருந்து போனார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஹல்லும் ஒன்று, கரண்டும் அளந்தாச்சு என்றால் ஜெயிப்பது எப்படி? இங்கேதான் கணக்கு வருகிறது. படகின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் பவர் ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். 10 யூனிட்டை நாலு மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரி 2.5 கிலோவாட், மூன்று எச்.பி.க்குக் கொஞ்சம் மேல். பல்லடம் பக்கத் தோட்டத்துக் கிணறுகளில் இதைவிடப் பெரிய மோட்டார் ஓடுகிறது! அதை வைத்துக்கொண்டு பாதி நேரம் விரட்டி, பாதி நேரம் தவழ்ந்தால், ஒரே சீராகப் போனவனிடம் தோற்பது நிச்சயம். நீண்ட தூரப் பந்தயத்தில் த்ராட்டிலைத் தொடாமல் இருக்கத் தெரிந்த கைதான் கெட்டிக்காரக் கை.

அந்தக் கை எங்கே பழகும்? ரிமோட்டில் ஓடும் மாடல் படகில் பழகலாம் என்பது என் கட்சி. இரண்டடி நீள ஃபைபர் ஹல், பிரஷ்லெஸ் மோட்டார், மூன்று செல் லிப்போ பேட்டரி போதும். 40 மி.மீ. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு 42 மி.மீ. மாட்டிப் பாருங்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதே ஆர்.பி.எம்.மில் சுற்ற வேண்டுமானால் பவர் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். கால் பங்குக்கும் மேல் கூடுதலாக இழுக்கும். கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து மோட்டாரில் விரல் வைத்தால், வைத்த வேகத்தில் எடுத்துவிடுவீர்கள். கூலிங் ட்யூபில் தண்ணீர் ஏறவில்லையென்றால் ஸ்பீடு கண்ட்ரோலர் கருகும் வாடை அதற்கு முன்பே வந்துவிடும்.

இது குழந்தை விளையாட்டல்ல. 1959-ல் தொடங்கிய நவிகா என்ற சர்வதேச மாடல் படகு அமைப்பின் எஃப்.எஸ்.ஆர். பந்தயத்தில் எஞ்சின் படகுகள் அரை மணி நேரம் விடாமல் சுற்ற வேண்டும். எலெக்ட்ரிக் ஈக்கோ பிரிவில் ஆறே நிமிடம். அதற்குள் பேட்டரியை மிச்சமும் வைக்காமல், நடுவழியில் காலியாகவும் விடாமல் ஓட்ட வேண்டும். மொனாக்கோ கேட்பதும் இதைத்தான். நம் நாட்டில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு கப்பல் மாடல் போட்டியை நடத்திவருகிறது. அதற்கு வெளியே பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வாசல் அவ்வளவாகத் திறக்கவில்லை.

மோட்டார் விஷயத்தில் கோவைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. பம்பின் இம்பெல்லரும் படகின் புரொப்பெல்லரும் பங்காளிகள். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் குமிழியாகி, உடைந்து, உலோகத்தை அரிக்கிற கேவிடேஷனை, இம்பெல்லரில் விழுந்த புள்ளித் தழும்பைப் பார்த்தே சொல்லிவிடும் ஆட்கள் கணபதியிலும் பீளமேட்டிலும் இருக்கிறார்கள். நமக்குக் குறைவது தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும் நேரம்.

குளங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் மாடல் படகு பத்தடி போவதற்குள் ஷாஃப்டில் வேர் சுற்றிக்கொள்ளும். படகுச் சவாரி வந்த வாலாங்குளத்தில் ஞாயிறு காலை, சவாரி தொடங்கும் முன் ஒரு மூலையை மிதவை கட்டிப் பிரித்துக் கொடுத்தாலே போதும். மாநகராட்சிக்கு இது பெரிய செலவில்லை. சிங்காநல்லூர் குளத்தை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அது பல்லுயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய இடம். பறவைகளுக்கு நடுவே புரொப்பெல்லருக்கு வேலையில்லை.