உச்சத்தில் இறங்கும் குரல்

கொரியத் தொடர்களின் காதல் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், சேலத்துக் கச்சேரி ரசிகர்களிடம் ஒரே தீர்ப்புதான்: இனிமை உண்டு, தொண்டையில் தெம்பில்லை. தவறான தீர்ப்பு. அவர்கள் தெம்பின்மை என்று கேட்பது, பாடகி யோசித்து எடுக்கும் முடிவு.

அந்த முடிவு கேட்கும் இடம் உங்களுக்குத் தெரியும். பியானோவோடு ஆரம்பம். பிறகு வயலின்கள், டிரம்ஸ். கடைசிப் பல்லவிக்கு முன் சுருதி அரைக்கட்டை ஏறுகிறது. நம் மேடையில் பாடகர் இங்கேதான் மைக்கைத் தள்ளிப் பிடித்து முழுத் தொண்டையையும் திறப்பார், விசில் பறக்கும். நான் சொல்லும் பாடகி மைக்கை நெருங்குகிறார். மேல் ஸ்தாயியைப் பாதிக் குரலில் தொடுகிறார், மூச்சு கேட்கிறது, வரியின் கடைசி எழுத்து கரைகிறது. முடியாமல் அல்ல, பாட்டின் நடுவிலேயே ஒருமுறை முழுக்குரலைக் காட்டிவிட்டார். உரக்கப் பாடுபவர்கள் கொரியாவிலும் ஏராளம். என் ஓட்டு இவருக்கே.

நம் படங்களில் நாயகி வாயசைக்கிறாள், குரல் அவளுடையதாகிவிடுகிறது. கொரியத் தொடர்களில் பெரும்பாலும் யாரும் வாயசைப்பதில்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு நிற்பவன் முகத்தின் மேல்தான் பாட்டு ஓடுகிறது. பாடகி கதறிவிட்டால் அவன் மௌனம் கெட்டுப்போகும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை ஆடாமல் விடும் பேட்ஸ்மேனின் நிதானம் இது. 16 அத்தியாயங்களில் அதே பாட்டு திரும்பத் திரும்ப வரும். கதறிய பாட்டு நாலாம் தடவையே சலித்துவிடும். தமிழ் டப்பிங்கில் பார்த்தாலும் மாறுவது வசனம்தான், பாட்டு பெரும்பாலும் கொரிய மொழியிலேயே இருக்கிறது. வார்த்தை புரியாத ராசிபுரத்து ரசிகைக்கு அந்த மூச்சுதான் பொருள் சொல்கிறது.

இரைந்து பாடுவதே திறமை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எழுந்த 1930களில் திரையில் பாடியவர்கள் பலரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க உச்சஸ்தாயி வேண்டியிருந்தது. மைக் வந்ததும் அந்தத் தேவை போயிற்று. ரசனை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

இனி நடக்கப்போவது இது. ஆடித் திருவிழாக் கச்சேரிகள் கடைசியாகத்தான் மாறும். திறந்தவெளியில் அடங்கிய குரல் எடுபடுவது கடினம். திருச்செங்கோடு, நாமக்கல் கல்லூரி மேடைகள் முந்திக்கொள்ளும். இந்தக் கொரியப் பாட்டுகளை ஹெட்போனில் கேட்டு வளர்ந்த பெண்கள், இன்னும் சில ஆண்டுகளில் அங்கே பரிசுகளை அள்ளுவார்கள். அதற்கும் முன்பே தமிழ் வெப் தொடர்கள் அவர்களைத் தேடி வரும். வாயசைக்கும் பாட்டு குறையக் குறைய, காட்சிக்குப் பின்னால் நின்று பாடத் தெரிந்த குரலுக்குத்தான் வேலை. போட்டி நடுவர்கள் மதிப்பெண் தாளில் மூச்சுக் கட்டுப்பாட்டுக்கு இப்போதே தனி இடம் ஒதுக்கட்டும்.